ஒரு நாள் பார்ப்போம்

கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையைப் பார்க்கச் சிவபிரசாத் முழங்காலை ஊன்றிக் குனிந்தான். கட்டிலில் கிடந்த அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்னலே, ஏறியிருக்கா?"

"ஏறியிருக்குப்பா. நேத்தைக்கும் இன்னைக்கும் நல்ல வித்தியாசம் உண்டு."

நல்ல வித்தியாசம் என்று சொன்னது கொஞ்சம் கூடுதல்தான். பையின் அடிமூலையில் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் ஒரு சிறங்கை தேறும். நேற்று அந்த மூலை வெறுமனே கிடந்தது. மனுஷன் எதற்கெல்லாமோ காத்திருக்கிறான். மழைக்குக் காத்திருப்பான், பேச்சிப்பாறையில் தண்ணீர் திறக்கக் காத்திருப்பான், வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பான். பெற்ற தகப்பனுக்கு மூத்திரம் வருமா என்று ஒரு பிளாஸ்டிக் பையின் முன்னால் மண்டியிட்டுக் காத்திருக்கிற கொடுமை சத்துருவுக்கும் வரக் கூடாது.

அப்பா நாராயணபெருமாளுக்கு வந்தது தொடக்கத்தில் பெரிய சீக்கு ஒன்றும் இல்லை. மயிலாடிக்குத் தெற்கே அவருக்குக் கொஞ்சம் வயலும் அதை ஒட்டி ஒரு வாழைத் தோட்டமும் உண்டு. காற்றில் சாய்ந்த ஏத்தன் வாழைக்கு முட்டுக் கொடுக்கப் போனவர் மூங்கில் சிராயை மிதித்துவிட்டார். சர்க்கரை உள்ள உடம்பு. 'இது என்ன, எறும்பு கடிச்ச மாதிரி' என்று மஞ்சளை அரைத்து அப்பிக்கொண்டு மறுநாளும் தோட்டத்துக்குப் போனார். கால் வீங்கி, குளிர் நடுக்கி, வாய் குழறிய பிறகுதான் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். காலில் இருந்த விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிருந்தது. காலைக் கீறிச் சீழை எடுத்து, மருந்துக்கு மேல் மருந்தாக ஏற்றி, அழுத்தத்தை ஒரு வழியாக மேலே இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆள் கண் விழித்தார், பேசினார், கஞ்சி கேட்டார். சிறுநீரகம் மட்டும் விழிக்கவில்லை.

சிறுநீரக டாக்டர் ஞானதாசன் சத்தமாகப் பேசாத மனிதர். வராந்தாவில் அவனை நிறுத்தி வைத்து, "இப்பவே டயாலிசிஸ் தொடங்கலாம். கொஞ்சம் காத்திருக்கவும் செய்யலாம். ரெண்டும் தப்பில்ல," என்றார்.

"அதெப்படி சார், ரெண்டும் சரியா இருக்கும்?"

"விஷம் ரத்தத்துல கலந்து கிட்னி நின்னு போனவங்களுக்கு எப்ப மெஷின்ல ரத்தத்தச் சுத்தம் பண்ணத் தொடங்கணும்னு ரொம்ப நாளா டாக்டர்மாருக்குள்ள தர்க்கம் உண்டு. முந்தித் தொடங்கினாலும் பொறுத்துத் தொடங்கினாலும் பொழைக்கவங்க கணக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். பொறுத்தா சிலருக்குக் கிட்னி தானே முழிச்சுக்கும், மெஷின் வேண்டியே இருக்காது. ஆனா பொறுக்கதுக்கு ஒரு எல்லை உண்டு. ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா, நெஞ்சுல நீர் கட்டினா, அதுக்குப் பொறவு ஒரு நாழிகை பொறுக்கப் பிடாது. பொட்டாசியம் ஏறினா இதயம் சொல்லாமக் கொள்ளாம நின்னுரும். அப்பாக்கு இப்ப அது ஒண்ணும் இல்ல. நீங்க என்ன சொல்லுதீங்க?"

சிவபிரசாத்துக்கு முப்பந்தல் காற்றாலையில் வேலை. அங்கே காற்று ஓர் அளவைத் தாண்டினால் இயந்திரம் தானே நின்றுவிடும். யாரும் யாரிடமும் அபிப்பிராயம் கேட்க வேண்டாம். இங்கே என்னடாவென்றால் இவ்வளவு படித்த டாக்டர், காற்றாடிக்கு நட்டு முறுக்குகிறவன் முகத்தைப் பார்க்கிறார்.

அப்பாவிடம் கேட்டான். அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "அந்த மெஷின்ல என்னயக் கெட்டாதலே. ரேசன்கடைப் பரமசிவம் கெதியப் பாத்தேல்லா? ஏறினவன் எறங்கினானா?"

பரமசிவம் கதை வேறு. அவருக்குச் சிறுநீரகம் வருஷக்கணக்காகச் சுருங்கிப் போனது. வாரம் தவறாமல் மெஷினுக்குப் போய் வந்து, கடைசியில் ஆளே சுருங்கிச் செத்தார். இது அப்படி இல்லை, கிட்னி தேறினால் மெஷினை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஊர்ப்பேச்சுக்கு முன்னால் டாக்டர் பேச்சு எடுபடுமா? 'மெஷினில் ஏறினால் சுடுகாட்டில்தான் இறக்கம்' என்று ஊரே சொல்லும்போது, அப்பா மட்டும் வேறு எதை நம்புவார்?

அக்கா அஸ்வதி மஸ்கட்டில் நர்ஸ். அதுவும் டயாலிசிஸ் பிரிவில். அவள் போனில் கத்தினாள்.

"லேய், பொறுக்காத. நான் தெனமும் இதத்தான பாக்கேன்? கடைசி நேரத்துல ஓடிவந்து கழுத்துல குழாயக் குத்துகதுக்குள்ள ஆளு போயிருவாவ. கையெழுத்தப் போடு."

"டாக்டரே அவசரம் இல்லங்காரு எக்கா. அப்பாக்கும் விருப்பம் இல்ல. ஒரு நாள் பாப்போம்."

ஒரு நாள் பார்த்தார்கள். மறுநாளும், 'ஒரு நாள் பார்ப்போம்' என்றான். இன்றைக்குப் பையில் ஒரு சிறங்கை ஏறியிருக்கிறது. குனிந்தவன் எழுந்தபோது அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மூத்திரத்தைப் பார்த்துச் சிரிக்கிற காலமும் வந்ததே என்று அவனே நினைத்துக்கொண்டான்.

அம்மா பகவதி வந்துவிட்டாள். தோளில் துணிப்பை, கையில் மூடி இறுக்கிய தூக்குப் பாத்திரம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பக்கத்து அறைக்கு மாற்றிய நாள் முதல் கஞ்சித் தெளிவு ஊட்டுவது அவள்தான். அங்கே ஒருவர்தான் இருக்கலாம். அவள் வந்தால் அவன் வெளியேற வேண்டும்.

"நீ போய் சாயா குடிச்சிட்டு வா மக்கா. மொகத்தப் பாரு, கருவாடு மாதிரி. நான் இருக்கேன்."

"குடிக்க வெள்ளம் கூடுதலாக் குடுத்துராதம்மா."

"அறியிலாம்லே. எத்தன மட்டம் சொல்லுவே?"

சாயா குடித்துவிட்டு வந்தபோது அப்பாவின் உதடு ஈரமாக இருந்தது. முகத்தில் ஒரு தெளிச்சியும் இருந்தது. அம்மா முந்தானையால் அவர் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் தூக்குப் பாத்திரத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"பையப் பாத்தியா மக்கா? ஏறுகு. ஒங்கப்பாக்கு மெஷினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"உங்கம்மைக்க கைப்பக்குவம்லே," என்றார் அப்பா. குரல் நொந்துதான் இருந்தது. ஆனாலும் அதில் பழைய கேலி இருந்தது. நாற்பது வருஷமாக அவளுடைய புளிக்குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தரம் ஊற்றச் சொல்லுகிற மனுஷன்.

டாக்டர் ஞானதாசன் காலைச் சுற்றுக்கு வந்தார். பையைப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். காலை ரத்தத்தில் பொட்டாசியம் சற்றே கூடுதல், பயப்படும் அளவு இல்லை என்றார். சாயங்காலம் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

"மூத்திரம் வருகுல்லா சார்?"

"வருது. ஆனா இது போதாது. ஒரு நாள் பாப்போம்."

டாக்டர் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்ததில் சிவபிரசாத்துக்கு ஒரு தெம்பு. அக்காவுக்குச் செய்தி அனுப்பினான். அவள் பதில் போடவில்லை. கோபமாக இருந்தால் அவள் அப்படித்தான்.

மத்தியானம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கேன்டீனில் சாப்பிட்டுத் திரும்பும்போது, அப்பா கிடந்த அறையை நோக்கி இரண்டு நர்ஸ்மார் ஓடினார்கள். அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் ஓடினான். நர்ஸ் குளோரி கதவிலேயே அவனைத் தடுத்தாள். அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான். அப்பாவின் வாய் திறந்திருந்தது. இதயத் துடிப்பைக் காட்டும் பெட்டியில் ஓடுகிற கோடு, காலையில் ஊசி ஊசியாக இருந்தது, இப்போது கூடாரம் கூடாரமாக ஏறி இறங்கிற்று. டாக்டர் ஞானதாசன் ஏதோ ஊசிமருந்து பேரைச் சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். அவர் கையில் அப்போது எடுத்த ரத்தத்தின் பரிசோதனைச் சீட்டு இருந்தது.

"பொட்டாசியம் ஏழரை. உடனே மெஷின் போடணும்."

"போடுங்க சார். எங்க கையெழுத்துப் போடணும்?"

"வாயால ஏதாவது குடுத்தீங்களா? பழச்சாறு? இளநீர்?"

"இல்ல சார். கஞ்சித் தெளிவுதான். அதும் அம்மைதான்..."

"காலையில இருந்ததுக்கும் இப்ப இருக்கதுக்கும் இவ்வளவு வித்தியாசம் வராதே," என்றார் அவர். அவனிடம் சொன்ன மாதிரி இல்லை. திரும்பி உள்ளே போய்விட்டார்.

மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார்கள். இத்தனை நாள் அவன் பயந்த சாமான். ஓர் ஆள் உயரம், முன்னால் கண்ணாடிச் சதுரம், பக்கவாட்டில் குழாய்கள். இப்போது அதைப் பார்த்தவுடன் அவனுக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. வேகமாக உருட்டுங்கள் என்று அவன் மனசு கத்திற்று. கழுத்தில் குழாய் போடப் பச்சைத் துணியை விரித்தபோது, பெட்டியில் கோடு அகன்று, அலையலையாகி, படுத்துவிட்டது. ஒருவர் மாற்றி ஒருவராக நெஞ்சை அழுத்தினார்கள். வெகுநேரம் அழுத்தினார்கள். மெஷின் ஒயரைக்கூடச் சொருகவில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அன்னைக்கே தொடங்கியிருந்தா பொழச்சிருப்பாவளா சார்?"

"பொழச்சிருக்கலாம். தொடங்கியிருந்தாலும் போயிருக்கலாம். இதுக்கு நான் பொய் சொல்ல முடியாது தம்பி. ஆனா அந்தப் பொட்டாசியம் ஏறின வேகந்தான் எனக்கு வெளங்கல்ல."

வராந்தாவில் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளுக்கு யார் முகத்தையோ பார்த்துத் தெரிந்துவிட்டது. தாய்மாமன் முருகதாஸ் வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்.

சாமான்களை எடுக்க அவன் மட்டும் அறைக்குள் போனான். செருப்பு, கண்ணாடி, துண்டு. அம்மாவின் துணிப்பை அலமாரிக்குள் இருந்தது. உள்ளே இரண்டு தூக்குப் பாத்திரங்கள். ஒன்றில் கஞ்சித் தெளிவு அப்படியே இருந்தது. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மற்றதைத் திறந்தான். அடியில் ஒரு மிடறு மிச்சம். அதில் வழுக்கையின் வெள்ளைச் சீவல் ஒன்றும் இடித்துப் போட்ட ஏலக்காயின் கருப்பு விதைகளும் மிதந்தன.

மூத்திரக் கடுப்பா, சூடா, நீர் பிரியவில்லையா, செவ்விளநீரில் ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொடு. இந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அவனுக்கே சின்ன வயசில் அம்மா எத்தனையோ முறை கொடுத்திருக்கிறாள், எத்தனையோ முறை சுகமாகியிருக்கிறது. நல்ல உடம்புக்கு அது மருந்து. சிறுநீரகம் நின்றுபோன உடம்பிலிருந்து அதில் இருக்கிற பொட்டாசிய உப்பு வெளியே போக வழியில்லை, ரத்தத்திலேயே தங்கிவிடும். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

அவனுக்கு அம்மா மேல் கோபம் வந்தது. வந்ததை மறைப்பானேன்? தூக்குப் பாத்திரத்தைச் சுவரில் எறிந்து உடைக்கிற கோபம் வந்தது. 'அடி பாவி, கொன்னு போட்டியே' என்று பல்லுக்குள் சொல்லவும் செய்தான். சொன்ன வாயோடு குளோரியின் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. அறை மாற்றிய அன்று அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். "அண்ணா, வெள்ளம் அளந்துதான் குடுக்கணும். பழம், கருக்கு ஒண்ணும் கூடாது, கேட்டியளா?" கருக்கு என்றால் இளநீர். இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மருந்துக்கடையில் கூட்டத்தில் நின்றுகொண்டு அவன் அம்மாவுக்குப் போன் செய்து, வெள்ளம் கூடாது என்பதை மட்டும் சொன்னான். கருக்கு என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டான்.

குழாயைத் திறந்து அந்தப் பாத்திரத்தைக் கழுவினான். ஏலக்காய் மணம் போகவில்லை. கை கழுவ வைத்திருந்த சோப்பை ஊற்றி மறுபடியும் கழுவினான். அழுகை அப்போதுதான் வந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது.

பொழுது சாயும் முன் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அஸ்வதி காலையில் வந்துவிடுவாள், அதுவரை குளிர்பெட்டியில் வைப்பது என்று முடிவாயிற்று. அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து எண்ணி எண்ணி அழுதாள். பெண்கள் அழுவது சும்மா அழுவதா? ஆதியிலிருந்து அந்தம் வரை வரிசையாகச் சொல்லித்தானே அழுவார்கள். பெண் பார்க்க வந்தது, முதல் பிள்ளை செத்தது, தோட்டம் வாங்கினது, மூங்கில் குத்தினது. ஆஸ்பத்திரி என்ற இடத்துக்கு அவள் அழுகை வந்து சேரும்போதெல்லாம் சிவபிரசாத் அவள் வாயையே பார்ப்பான். இப்போது சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்று பக்கத்திலேயே நின்றான். மற்ற பெண்கள் கேட்டால் குற்றமில்லை. 'குடுத்து வச்சவட்டீ, கடைசி வெள்ளம் ஒங்கையால' என்றுதான் சொல்வார்கள். ஆனால் காலையில் வரப் போகிறவள் டயாலிசிஸ் நர்ஸ். அவள் காதில் விழுந்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும். விளங்கினால் அவள் வாய் நிற்காது. நெஞ்சில் பட்டதை அப்படியே கொட்டிவிட்டுப் பிறகு அழுகிற ரகம்.

சொல்லாதே என்று அம்மாவிடம் சொல்லவும் முடியாது. ஏன் என்று கேட்பாள். ஏன் என்று தெரிந்த நிமிஷமே அவள் செத்த மாதிரிதான். புருஷனைத் தன் கையாலேயே கொன்றோம் என்று தெரிந்துகொண்டு மிச்ச நாளை எப்படித் தள்ளுவாள்? அவனால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அஸ்வதி திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, காரில் வந்து சேர்ந்தாள். பெட்டியைக் கட்டிப் பிடித்து அழுதாள், அம்மாவைக் கட்டிப் பிடித்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "லேய், இங்க வா," என்று அவனை வீட்டுக்குப் பின்னால் மோட்டார் ரூம் பக்கம் கூட்டிப் போனாள். கண் வீங்கியிருந்தாலும் குரல் நர்ஸின் குரலாக இருந்தது.

"கடைசி பொட்டாசியம் எவ்வளவு?"

"ஏழரை."

"காலம்பற?"

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். காலையில் பயப்படும் அளவு இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, வாயால் என்ன கொடுத்தீர்கள் என்பதுதான். அதற்கடுத்தது நேரே அம்மாவிடம் போகும்.

"ரெண்டு நாளாவே கூடித்தான் இருந்து எக்கா."

"கூடித்தான் இருந்தா? டாக்டர் என்ன செய்துட்டு இருந்தாரு?"

"மெஷின் போடணும்னு சொன்னாரு. நாந்தான் கையெழுத்துப் போடல்ல."

அஸ்வதி அவனையே பார்த்தாள். "அவசரம் இல்லன்னு டாக்டர் சொன்னதாத்தான எங்கிட்டச் சொன்னே?"

"பொய் சொன்னேன்."

கன்னத்தில் அறை விழுந்தது. அவள் அவனை அடித்துப் பல வருஷம் இருக்கும். அப்போது அவன் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸை உடைத்திருந்தான். இப்போது அடித்த கையை அவளே மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

"மூத்திரப் பையக் கண்டு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தியாலே? எவன் எவன் அப்பனுக்கெல்லாமோ நான் ராவும் பகலும் அந்த மெஷின்கிட்ட நிக்கேன். எனக்க அப்பாக்கு ஒரு மட்டம் போட ஒனக்கு மனசு வரல்லியே. நீயெல்லாம் ஒரு ஆம்பளயாலே?"

அவன் கன்னம் எரிந்தது. எரிவது நல்லதாகவும் இருந்தது. ஒருவழியாகப் பழி தன் தலையில் உட்கார்ந்துவிட்டது, இனி அம்மா என்ன சொன்னாலும் பெரிதாகத் தெரியாது என்று நினைத்தான். ஆனால் பகவதி, சொல்லக் கூடாத பேச்சுக்கு வந்து சேர எப்போதுமே தாமதிக்க மாட்டாள்.

உள்ளே போனபோது அம்மா மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அஸ்வதி அம்மாவின் முதுகைத் தடவினாள்.

"கடைசி வெள்ளம் எங்கையாலதான்ட்டீ குடிச்சாவ," என்றாள் அம்மா. அழுகைக்கு நடுவிலும் அதில் ஒரு பெருமை இருந்தது. "மூத்திரம் வல்லன்னா மெஷின்ல மாட்டிருவாவன்னு பயந்தாவ. பகவதி, கருக்கு கொண்டு வாட்டீன்னு கொழந்த மாதிரி கேட்டாவ. நம்ம செவ்வெளநி மரத்துல தேங்கா வெட்டுக சிலுவைய ஏறச் சொல்லி வெட்டி, ஏலக்கா தட்டிப் போட்டு, ரெண்டு நாளு கொண்டு போய்க் குடுத்தேன். யாருக்கும் தெரியாது. குடிச்சிட்டு, ஆ, நெஞ்சு குளுந்துட்டுன்னாவ. பொறவு மூத்திரமும் வந்துதுட்டீ. இவன்ட்டக் கேளு, பையில ஏறிச்சு."

முதுகில் தடவிய கை நின்றுவிட்டது.

அஸ்வதி நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவள் கண்ணைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டவில்லை. சுற்றிலும் பெண்கள். ஆனால் அவன் முகம் அப்படிக் கெஞ்சிற்று. மோட்டார் ரூமில் அவன் சொன்னது அத்தனையும் எதற்காக என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது.

"ஏட்டி, ஏன் அப்பிடிப் பாக்கே?" அம்மாவின் குரல் மாறிற்று. "வெள்ளந்தான் கூடாதுன்னு இவன் சொன்னான். கருக்கு வெள்ளம் இல்லல்லா? மருந்துல்லா? ஏட்டி, நீ நர்சுல்லா, சொல்லு. கருக்கு குடுத்ததுல தப்பொண்ணும் இல்லியே?"

யாரோ ஒரு கிழவி மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.

"ஒரு தப்பும் இல்லம்மா," என்றாள் அஸ்வதி. "கருக்கு என்ன செய்யும்? அது நல்லதுல்லா?"

"பின்ன ஏன்ட்டீ இப்பிடி ஆச்சு? நல்லாப் பேசிட்டு இருந்த மனுசன்..."

அதற்கு ஒரு பதில் வேண்டும். பதில் இல்லாமல் விட்டால் அம்மா அந்தக் கேள்வியை விட மாட்டாள். யாரிடமாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். நாளைக்குக் கேட்பாள், பதினாறுக்கு வருகிறவர்களிடம் கேட்பாள், ஏதாவது ஒரு கம்பவுண்டரிடம் கேட்பாள். அஸ்வதி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு தம்பியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"டாக்டர் அன்னைக்கே மெஷின் போடணும்னு சொல்லியிருக்காரும்மா. இவந்தான் வேண்டாம்னுட்டான். போட்டிருந்தா அப்பா இருந்திருப்பாவ."

அம்மா மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"டாக்டர் சொன்னாரா மக்கா?"

"ஆமாம்மா."

"சொல்லியும் நீ வேண்டாம்னியா?"

"ஆமா."

அவள் கத்துவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தான். அப்படி நடந்திருந்தால் அவனும் காலில் விழுந்து அழுதிருப்பான். அம்மாவோ அவன் முகத்தை யாரோ அறியாத ஆளைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அஸ்வதி எழுந்து அடுக்களைக்குப் போனாள். அங்கே அவள் வாயில் துணியை வைத்து அழுததை அவன் மட்டும் கேட்டான்.

முருகதாஸ் மாமா வாசலில் நின்று சத்தம் கொடுத்தார். "நேரம் ஆகுது. குளிப்பாட்டத் தண்ணி எடுக்கணும், நீர்மாலைக்கு ஆளு எறங்கணும். எங்க, மகன எங்க?"

அம்மா திரும்பாமலே சொன்னாள். "முருகதாசு, அவன்ட்டச் சொல்லு, சட்டையக் கழத்தச் சொல்லு. குடம் அடுக்களையில இருக்கு."

அவன் மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தான். மாமா அவனிடம் வந்து, "சட்டையக் கழத்து மருமவனே," என்றார்.

நான்கு பேர் வேட்டியை விரித்துத் தலைக்கு மேல் பிடிக்க, அவன் கிணற்றில் முங்கிய ஈரத்தோடு குடத்தைச் சுமந்து வந்தான். நாதசுரம் முன்னால் போயிற்று. வழியில் நின்ற சிலுவை கை கூப்பினான். பாவம், அவனுக்கும் ஒன்றும் தெரியாது.

முற்றத்து பெஞ்சில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலில் ஆஸ்பத்திரிக் கட்டு அப்படியே இருந்தது. தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்துவிட்டு, மகன்தான் முதலில் ஊற்ற வேண்டும் என்றார்கள். அவன் குடத்தைச் சாய்த்தான். தண்ணீர் அப்பாவின் நெற்றியில் விழுந்து, மூடிய கண்ணுக்கு மேலாக வழிந்து, பெஞ்சிலிருந்து சொட்டி, முற்றத்தில் சரிவு கண்ட பக்கமாக ஓடிற்று. சுவரோரம் பெண்களுக்கு நடுவில் அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அவள் பாதத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, தலையைத் தூக்காமலே காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.